காக்காய் வராத ஜன்னல்

ஒரு டாக்டர் எதற்காக அரசியலுக்குப் போகிறார் என்பது எனக்கு நெடுநாளாக விளங்காத விஷயம். வக்கீல் போனால் சரி, அவருக்குப் பேச வரும். வாத்தியார் போனாலும் சரி, நான்கு பேரை உட்காரவைத்து அதட்டத் தெரியும். டாக்டருக்குப் பேசவே நேரம் கிடையாது. நாக்கை நீட்டு, மூச்சை இழு, அடுத்த ஆளை வரச் சொல். இப்படிப்பட்டவர் மைக்கைப் பிடித்து என்ன செய்வார் என்று எனக்கு ஒரே குடைச்சல்.

நான் சொல்வது எங்கள் பெஹாலா பேட்டை டாக்டரை. மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை, அதற்குப் பின்னால் அவருடைய சேம்பர். கல்கத்தாவில் டாக்டர் உட்காரும் இடத்துக்கு அதுதான் பெயர். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் வயிற்றுவலி என்று அவரிடம் போனேன். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. எனக்கு வங்காளியில் 'வலிக்கிறது' என்று சொல்லக்கூட வராது. அவர் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டி, "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் கேட்டார். பழைய சோறு என்பதைக் கையாலும் கண்ணாலும் நடித்துக் காட்டினேன். மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பாந்தா பாத்!" என்று கூவினார். அவர்கள் ஊரிலும் அதே சோறு, அதே தண்ணீர். அன்று அவர் எழுதிக் கொடுத்த மருந்து ஞாபகமில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தே வலி பாதி போயிற்று.

யார் வந்தாலும் அவருக்கு முதல் கேள்வி அதுதான். காய்ச்சலோ, கால் வீக்கமோ, மனக்கஷ்டமோ, என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பிப்பார். எப்போது, யார் சமைத்தது, கூட யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், மிச்சம் வைத்தாயா என்று நூல் பிடித்துக்கொண்டே போவார். கடைசியில் நோயாளி வீட்டுச் சண்டை வரைக்கும் வெளியே வந்துவிடும்.

ஒருநாள் காலையில் பார்த்தால் எங்கள் தெருச் சுவரில் அவர் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். தேர்தலில் நிற்கிறாராம். பிரசாரத்துக்குத் திறந்த ஜீப்பில் கைகூப்பியபடி வந்தார். நான் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தேன். ஜனங்கள் மாலையும் கையுமாக வருவார்கள் என்று நினைத்திருந்தேன். எக்ஸ்ரே உறையும் கையுமாக வந்தார்கள். அவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்னால் கோஷம் போட வந்த பையன்கள் கோஷத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். அன்றைக்கு எங்கள் தெருவைத் தாண்டிப் பிரசாரம் போகவில்லை.

ஜெயித்துவிட்டார். சட்டசபையில் ஏதோ கேள்வி நேரத்தில், சிறையில் இன்று காலை என்ன சாப்பாடு என்று கேட்டாராம். அமைச்சருக்குப் பதில் தெரியவில்லையாம். அதைப் பேப்பரில் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அடுத்த முறை தோற்றார். கட்சிக்காரர்களுக்குப் பொய்யாக மெடிக்கல் சர்டிபிகேட் எழுதித் தர மறுத்ததால் தோற்றார் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். ஊரிலுள்ள சர்க்கரை நோயாளிகளை எல்லாம் சந்தேஷ் என்கிற பால் இனிப்பைச் சாப்பிடக் கூடாது என்று மிரட்டினால் யார் ஓட்டுப் போடுவார்கள் என்பது என் கணவரின் கட்சி.

ஏன் அரசியலுக்குப் போனீர்கள் என்று அவரிடமே கேட்டிருக்கிறேன், பலமுறை. அவர் என்னை 'பௌதி' என்பார். அண்ணி என்று அர்த்தம். வங்காளத்தில் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் பௌதிதான். "பௌதி, ஒரே சாக்கடை, ஒரே வயிற்றுப்போக்கு. எத்தனை நாள்தான் ஒரே சீட்டை எழுதறது? சாக்கடைக்கே மருந்து எழுதலாம்னு போனேன்" என்றார் ஒரு முறை. நல்ல பதில் என்று வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை கேட்டால், சாயங்காலத்தில் வீட்டிலிருந்து தப்பிக்க வேறு வழியில்லை என்றார். இன்னொரு முறை, "எனக்கு மைக் பிடிக்கும். சேம்பர்ல யாரு மைக் குடுக்கறா?" என்றார். எது நிஜம், எது கேலி என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த முகத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

தோற்ற பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. சிறை, போலீஸ் லாக்கப், மனநல ஆஸ்பத்திரி என்று பூட்டுப் போட்ட இடமாகப் பார்த்துப் போக ஆரம்பித்தார். யாரை அடித்தார்கள், யாரை விட மறந்தார்கள் என்று மனித உரிமை வழக்குகள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் மெடிக்கல் காலேஜில் அவரிடம் படித்தவர்கள் அல்லது மருந்து வாங்கியவர்கள். வாசலில் யாரும் அவரை மறிப்பதில்லை.

ஒரு மத்தியானம் போன் வந்தது. "பௌதி, ஒரு வேலை இருக்கு. உங்க பாஷை தேவைப்படுது."

அரசு மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பெண். பல வருஷங்களுக்கு முன்னால் ஹௌரா ஸ்டேஷனில் கிழிந்த புடவையோடு அலைந்துகொண்டிருந்தவளைப் போலீஸ் கொண்டுவந்து சேர்த்தது. 'மத்ராஸி' என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது பேச்சையே விட்டுவிட்டாளாம். சாப்பிட மறுக்கிறாள், பறவை மாதிரிக் கத்துகிறாள் என்று கேஸ் ஷீட்டில் எழுதி, ஊசி போட்டுப் படுக்கவைக்கிறார்கள். அடுத்த மாதம் மறுஆய்வுக் குழு உட்காரப்போகிறது. குணமாகிவிட்டாள் என்று அவர்கள் சொன்னால் வெளியே வரலாம். இல்லாவிட்டால் பின்கட்டில் இருக்கும் நிரந்தர வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். "அங்க போனவங்க யாரும் தன் காலால வெளிய வந்து நான் பாத்ததில்ல" என்றார் டாக்டர்.

"உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார் கணவர். சேவை மனப்பான்மை என்று பெருமையடிக்க விரும்பவில்லை. அந்த மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. அவ்வளவுதான். புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

நான் பயந்த மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. நீளமான ஹால், வரிசையாகக் கட்டில், டெட்டால் வாசனை. பெண்களில் சிலர் என் வளையலைத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் கடைசி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கலாம். பேனுக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வலது முழங்கை சரியாக நீளாமல் வளைந்தே இருந்தது. டாக்டர் அதைப் பிடித்துப் பார்த்து, "பழைய முறிவு. கட்டுப் போடாமலே கூடியிருக்கு" என்றார்.

நான் என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்டியாம்மா?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க எந்த ஊரு?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பைத்தியம் என்று பூட்டிவைத்தவள், ரயிலில் எதிர் சீட்டுக்காரி கேட்பதுபோல் கேட்கிறாள். மதுரை என்றேன். அவளுக்குச் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். "அப்ப எனக்குப் புத்தி சரியில்லதாங்க. யாரு கூப்புட்டாலும் போயிருவேன், எந்த ரயிலு வந்தாலும் ஏறிருவேன். இப்ப தெளிஞ்சிருச்சு. யாருட்ட சொல்ல?" என்றாள்.

டாக்டருக்குப் பொறுமையில்லை. "என்ன சாப்பிட்டாங்கன்னு கேளுங்க" என்றார். காலையில் பொரியும் டீயும். மத்தியானம் ஒன்றுமில்லை. ஏன் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"காக்கா வரலையே" என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நம் ஊரில் யாருக்குத்தான் விளங்காது? சோற்றில் முதல் பிடியை எடுத்து ஜன்னலில் வைத்து, கா கா என்று கூப்பிட்டு, காக்காய் வந்து கொத்திய பிறகு தட்டில் கைவைக்கிற வீடுகள் எத்தனை இருக்கின்றன! அவள் அதைத்தான் செய்திருக்கிறாள். காக்காய் வரவில்லை. காத்திருக்கிறாள். அதற்குள் தட்டை எடுக்கிற நேரம் வந்து ஆயா எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். சாப்பிட மறுக்கிறாள் என்றும், பறவை மாதிரிக் கத்துகிறாள் என்றும் எழுதிவிட்டார்கள்.

"எதுக்காகக் காக்காய்க்கு வைக்கிறா? அவ வாயால சொல்லட்டும்" என்றார் டாக்டர். வார்டின் இளம் பெண் டாக்டர் பக்கத்தில் பேனாவோடு நின்றாள்.

"எங்கம்மா செத்துப்போச்சுங்க. அதுதான் காக்காயா வருது. அது சாப்புடாம நான் எப்பிடிச் சாப்புடுறது?"

இதை வங்காளியில் சொல்ல எனக்கு நா எழவில்லை. செத்துப்போன அம்மா காக்காயாக வருகிறாள் என்று ஒரு மனநல ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு சொன்னால் என்ன ஆகும்? இதுவரை அரைகுறையாக இருந்த சந்தேகமும் தீர்ந்துவிடும். பழக்கம், சம்பிரதாயம் என்று ஏதாவது பூசி மெழுகிவிடலாம் என்று பார்த்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். "பௌதி, நோயாளி சொன்னதை நர்ஸ் திருத்தினா நான் தப்பான மருந்து குடுப்பேன். அப்படியே சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். இளம் டாக்டரின் பேனா வேகமாக ஓடியது.

டாக்டர் மட்டும் சிரித்தார். "எங்க அப்பாவோட சிராத்தத்துல பிண்டம் வச்சப்ப காக்காய் வரல. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாததாலதான் வரலன்னு சொந்தக்காரங்க எல்லாரும் என்னையத் திட்டினாங்க. அன்னிக்கு ஒருத்தருக்கும் ஊசி போடல" என்றார். பேனா நின்றது. இளம் டாக்டரும் மெல்லச் சிரித்து, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

"முன்னாடி வருமா?" என்று கேட்கச் சொன்னார் டாக்டர். தினமும் வருமாம். இரண்டு வருமாம், ஒன்றுக்கு ஒரு கால் நொண்டியாம். இந்த வலை போட்ட பிறகுதான் வருவதில்லை.

அப்போதுதான் நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம். டெங்குக் கொசுவுக்காக ஜன்னல் முழுக்க நெருக்கமான கம்பி வலை அடித்திருந்தது. நல்ல வேலைப்பாடு. கொசு என்ன, காற்றே யோசித்துத்தான் உள்ளே வர வேண்டும். டாக்டர் எழுந்து போய் வலையை விரலால் தொட்டார். அங்கேயே நின்றுவிட்டார். அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தபோது தன் தொகுதி நிதியிலிருந்து செய்த கடைசிக் காரியம் இந்த ஆஸ்பத்திரி ஜன்னல்களுக்கு வலை அடித்ததுதான். ரிப்பன் வெட்டுகிற போட்டோ இன்றும் அவர் சேம்பரில் மாட்டியிருக்கிறது. நானே அதைப் பார்த்து, பரவாயில்லை, மனிதர் உருப்படியாக ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

"கொசுவைப் பத்தி எல்லாரையும் கேட்டேன். இஞ்சினியர், நர்ஸ், சூப்பரின்டென்டென்ட். உள்ள இருக்கறவங்களக் கேக்கணும்னு தோணல" என்றார். அதில் கேலி இல்லை. எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அடுத்த நாளே அந்த ஒரு ஜன்னலில் வலையைக் கொஞ்சம் வெட்டி, திறந்து மூடுகிற மாதிரிச் செய்தார்கள். காக்காய் வர இரண்டு மூன்று நாள் ஆயிற்று. நொண்டிக் காக்காய்தான் முதலில் வந்ததாம். அவள் மத்தியானமும் சாப்பிட ஆரம்பித்தாள். ஊசியை நிறுத்தினார்கள்.

பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் சொன்ன ஊரின் போலீஸ் ஸ்டேஷனுக்கு நானே போன் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே அவளுடைய அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அவர் அழுத அழுகையில் எனக்கு மறுபடி அழுகை வந்தது. தேடாத இடமில்லையாம், கிணறுகூட இறைத்துப் பார்த்தார்களாம். நேரில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நான் அதை நியூ டவுனில் வேலை பார்க்கும் மகளுக்குச் சொல்லி, பவானிபூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் சொல்லி, தமிழ் கிடைத்ததால் ஒருத்திக்கு விடுதலை கிடைத்தது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். டாக்டரும் எனக்குக் குறைந்தவரில்லை. குழுவின் முன் பேச வேண்டியதைச் சேம்பரிலேயே நோயாளிகளிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனேன். ஊர், வயல், அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்பு என்று எதைக் கேட்டாலும் பேசினாள். வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் மட்டும் வளைந்த முழங்கையைத் தடவிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனாள். அண்ணன் வருகிறார் என்று சொன்னபோது, "அண்ணன் நல்லவரு" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போயிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

குழு உட்காரும் நாள் வந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டையும் துணிப்பையுமாகத் தாழ்வாரத்தில் நின்றார். பையில் தங்கைக்குப் புதுப்புடவை. நல்ல மனிதர்தான், எனக்குப் பார்த்தவுடனே பிடித்தது. "மாப்ள வீட்லயும் பேசி முடிச்சாச்சுக்கா. ஏத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு. மொதல்ல கோயில்ல ஒரு வெளக்குப் போட்டுட்டு நேரா அங்கதான் கொண்டுபோய் விடணும்" என்றார். ரொம்ப சந்தோஷம் என்று நானும் சொல்லிவைத்தேன்.

அறையில் ஒரு நீளமான மேஜை. நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், தலைமுடி பஞ்சாக வெளுத்தவர். இரண்டு பக்கமும் டாக்டர்கள். எதிரே அவள், அவளுக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் நான். எங்கள் டாக்டர் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு உடம்பும் மனசும் சரியாக இருக்கிறது என்று இளம் டாக்டர் அறிக்கை படித்தாள். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும்போல் இருந்தது. நீதிபதி என்னிடம், "அண்ணன்கூட வீட்டுக்குப் போக அவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க" என்றார். சும்மா ஒரு வழக்கத்துக்காகக் கேட்கிற குரல்.

"அண்ணன்கூட ஊருக்குப் போறியாம்மா?" என்றேன்.

அண்ணன் அவள் முகத்தை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். பேச்சு போய்விட்டதோ, பழைய வியாதி திரும்பிவிட்டதோ என்று எனக்குத் திக்கென்றது. இப்போது வாயை மூடிக்கொண்டால் பின்கட்டுக்கு அல்லவா அனுப்பிவிடுவார்கள்! டாக்டரும் பதறிப்போய் எழுந்துவிட்டார். கூட்டத்தில் பேசுகிற குரலில், "இத்தனை வருஷப் பிரிவுக்கு அப்பறம் பாக்கறாங்க, சந்தோஷம் தாங்கல..." என்று ஆரம்பித்தார்.

அவள் அவரை முடிக்க விடவில்லை. நிமிர்ந்து நீதிபதியைப் பார்த்து, "பாடி ஜாபோ நா" என்றாள்.

வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அர்த்தம். சொன்னது வங்காளியில். எனக்குத் திறந்த வாய் மூடவில்லை. என்னிடம் ஒருநாளும் அவள் ஒரு வங்காளிச் சொல் பேசியதில்லை. ஆயாக்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்டு வங்காளி அது, அவர்கள் நோயாளிகளை அதட்டுகிற மாதிரியே இருந்தது. அந்தக் குரலிலேயே நீதிபதியிடம் மிச்சத்தையும் சொன்னாள். அண்ணன் நல்லவர். புருஷன் அடிப்பான். கையை உடைத்தவன் அவன்தான். இங்கே கேன்டீனில் குணமான பெண்கள் சமைக்கிறார்கள், பக்கத்து விடுதியில் இருக்கிறார்கள், நானும் அங்கே இருந்துகொள்கிறேன். யாரும் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். கதவைத் திறந்துவிடு.

அவள் ஏன் தமிழில் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் என்றால் அதை அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும். அவருக்குப் புரியாத மொழி ஒன்று அவளிடம் இருந்தது. நான் தமிழைக் கொண்டுவந்து கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

நீதிபதி பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்தார். "நீங்க இதை அவங்ககிட்டக் கேட்டீங்களா?"

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உட்கார்ந்துகொண்டார். "இல்லை. என்ன சாப்பிட்டாங்கன்னு மட்டும்தான் கேட்டேன்" என்றார். சட்டசபையில் பேசிய மனிதர், அத்தனை சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

குழுவில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தெளிவாக இருக்கிறாள், வயது வந்தவள், எங்கே வேண்டுமானாலும் போகலாம், யார் கையெழுத்தும் தேவையில்லை என்று சொன்னார். இன்றைக்கேவா என்று அவள் கேட்டாள். இன்றைக்கே என்றார் அவர்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் கையைத் தொட்டு, "என்னக்கா சொல்றா?" என்றார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சொல்லாதே என்றும் காட்டவில்லை, சொல் என்றும் காட்டவில்லை. பூசி மெழுக எனக்கு மனசு வரவில்லை. "உங்ககூட வரமாட்டாளாம். இங்கயே வேல பாத்துக்கிட்டு இருக்கப்போறாளாம். வீட்டுக்காரரு அடிப்பாருங்கிறா. கைய ஒடிச்சதே அவருதானாம்" என்றேன்.

அவர் புடவைப் பையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். "தெரியும்க்கா" என்றார்.

அவள் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தமிழில், சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டாள். "தெரிஞ்சுதாண்ணே கூட்டிட்டுப் போக வந்தியா?"

அவர் தலையைத் தூக்கவே இல்லை. நீதிபதி, என்ன சொன்னாள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். என்னால் சொல்ல முடியவில்லை.